குரலுக்குப் போட்ட பவுடர்

தெருவில் அவருக்குப் பெயர் ‘சவுண்டு’. பெயருக்கும் ஆளுக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் அவரும் இருக்கிறாரா என்று தலையை எண்ணிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நகரப் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கிகளை வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை மேய்த்தவர் என்பதால் வந்த பெயர் அது. ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் சத்தம் போடும் பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு மனிதர் நிம்மதியாக இருந்தார்.

மனைவியின் சத்தமோ ஊர் அறிந்தது. “எண் பதினேழு. நூலகம், பழைய பாலம் வழியாக, நீர்த்தொட்டி செல்லும் பேருந்து, மூன்றாம் மேடையிலிருந்து புறப்படும்” என்று பேருந்து நிலையத்தில் காலை முதல் இரவு வரை சொல்லிக்கொண்டிருக்கும் குரல் அவளுடையதுதான். கடையில் தக்காளி விலை கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருமுறை வங்கியில் அவள் “அடுத்து யாருங்க?” என்று கேட்க, அரைத்தூக்கத்தில் இருந்த ஒரு மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இருவருக்கும் பழக்கமானதே அந்தக் குரலால்தான். அப்போது அவர் நிலையத்தின் மின்பிரிவில் இளைஞர். அவள் மாதாந்திர பாஸ் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண். கண்ணாடித் தடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே அவள் “போட்டோ ஒட்டலையே, ஒட்டிக்கிட்டு வாங்க” என்றால் வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். கத்த மாட்டாள். குரல் தானே நடந்துபோய்ச் சேர்ந்துவிடும். அறிவிப்புகளைப் பதிவு செய்ய வெளியிலிருந்து ஒருவரை வரவழைக்கலாம் என்று மேலதிகாரி யோசித்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சவுண்டு வாயைத் திறந்தார்.

“பாஸ் ஜன்னல்ல ஒரு பொண்ணு இருக்கு சார். கேட்டுப் பாருங்க.”

அவர் மறுபடி வாயைத் திறந்தது கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லத்தான் என்று அவள் கேலி செய்வாள்.

பதிவு நடந்த இடம் கிழிந்த பஸ் சீட்டுகளைப் போட்டுவைக்கும் கிடங்கு. எதிரொலி வராமல் இருக்க, கழித்துக்கட்டிய சீட்டுகளைச் சுவரோரம் கூரை வரைக்கும் அடுக்கினார்கள். மின்விசிறி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. அவள் ஒரு சீட்டில் உட்கார்ந்து, வியர்வை வழிய வழிய, ஒன்று முதல் நூறு வரை எண்ணினாள். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். எச்சில் விழுங்குவது கேட்டது. மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. முப்பத்தேழுக்குப் பிறகு ஏனோ வந்த சிரிப்பை அவள் அடக்கியதும் கேட்டது. “வளையல் சத்தம் வருதுங்க, கழட்டி வைக்கிறீங்களா?” என்று திரும்பாமலேயே கேட்டார். அவள் நூறைத் தொடுவதற்குள் இவருடைய மனசு கைவிட்டுப் போயிருந்தது. முகத்தைச் சரியாகப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. அறிவிப்புகளை முழு வாக்கியமாகப் பதிவு செய்வதில்லை. எண்கள் தனி, நிறுத்தங்களின் பெயர்கள் தனி, ‘வழியாக’ தனி, ‘புறப்படும்’ தனி. பேருந்து கிளம்பும் நேரத்துக்கு இயந்திரம் இவற்றைப் பொறுக்கியெடுத்துக் கோத்து ஒரே வாக்கியமாகப் பேசும். எண்கள் எப்போதும் மாறுவதில்லை. ஊர் வளர வளர நிறுத்தங்கள் மட்டும் கூடிக்கொண்டே போகும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அவள் உட்கார்ந்து புதுப் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். இருபத்துநாலு வயதில் சொன்ன ‘எண் பதினேழு’க்குப் பக்கத்தில், அறுபதை நெருங்கும்போது சொன்ன ‘விளையாட்டுத் திடல்’ போய் நிற்கும். இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்தது போலத் தெரிய வேண்டும். அப்படித் தெரியவைப்பதுதான் சவுண்டின் வேலை.

அவளுடைய அம்மாவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த அம்மாள் பேருந்தில் ஏறவே மாட்டாள். ஏறி உட்கார்ந்தாலே குமட்டும். எங்கே போனாலும் ஒரு கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு நடைதான். மகளுக்குப் பேருந்து நிலையத்தில் வேலை கிடைத்தபோது, “எனக்குன்னு வந்து வாய்ச்சுதே!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாளாம். ஆனால் அறிவிப்புக் குரல் மகளுடையது ஆனதும், நேரம் கிடைத்த நாளெல்லாம் நிலையத்துக்கு நடந்து வருவாள். ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று நாலைந்து பேருந்துகள் கிளம்பும்வரை கேட்பாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடப்பாள். ‘எந்தப் பஸ்ஸும்மா?’ என்று கேட்கும் நடத்துனர்களிடம், “எந்தப் பஸ்ஸும் இல்லப்பா, சும்மா பாட்டுக் கேக்க வந்தேன்” என்பாள்.

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அவளுடைய குரல் ஒரு துண்டு நாடாவில்கூட இல்லை. சவுண்டுக்கு இது தீராத குறை. மருமகன் மைக்கும் கையுமாகவே வாழ்கிறவன். மாமியார் வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் பேசிவிட்டுப் போயிருக்கிறாள். ஒருநாளாவது அவள் முன்னால் மைக்கை வைக்க வேண்டும் என்று தோன்றவில்லையே! “வீடு பூரா மைக்கு, எங்கம்மா குரல் மட்டும் இல்லை” என்று மனைவி ஒரே ஒரு முறை சொன்னாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே. அவருக்கு அது இன்னும் நெஞ்சில் தைத்தபடி இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு பதிவு வேலை வீட்டுக்கே வந்துவிட்டது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, பின்பக்கத்துச் சின்ன அறையைச் சவுண்டு அதற்கென்று எடுத்துக்கொண்டார். நிலையத்தில் தூக்கிப்போட்ட பஸ் சீட்டுகளைக் கேட்டு வாங்கிவந்து சுவரோரம் அடுக்கினார். அவள் உட்காரவும் ஒரு பஸ் சீட்டு, ஜன்னலோரத்து இருக்கை. “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க எனக்குப் பிடிச்சுக் குடுத்த ஒரே ஜன்னல் சீட்டு இதுதான்” என்று அவள் சொல்லாத நாளில்லை.

அந்த அறையில்தான் அவருடைய திருட்டுத்தனமும் நடந்துவந்தது.

குரலுக்கும் வயதாகும். அவளுக்கும் ஆயிற்று. ஓரங்கள் கொஞ்சம் கரகரத்தன. நீளமான பெயர்களின் கடைசியில் லேசான நடுக்கம் வந்தது. மொத்தமாகவே குரல் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. மென்பொருளில் இதையெல்லாம் சரிசெய்ய ஒரு ஜன்னல் உண்டு. வரிசையாக மேலும் கீழும் நகர்த்தும் கட்டைகள்: ஒன்று கரகரப்பைக் குறைக்கும், ஒன்று நடுக்கத்தை அமுக்கும், ஒன்று குரலை ஒரு நூல் மேலே தூக்கும். வீடு மாறிய வருஷம் அவர் அவற்றைத் தொட்டும் தொடாமலும்தான் வைத்திருந்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு பதிவின்போதும் இங்கே ஒரு மயிரிழை, அங்கே ஒரு மயிரிழை. மனதுக்குள் அதற்கு ‘பவுடர்’ என்று பெயர் வைத்திருந்தார். பதிவு செய்த மூலக்குரலை அது மாற்றாது. ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கும்போதும் நிலையத்துக்கு அனுப்பும்போதும் மேலே பூசிக்கொள்ளும், அவ்வளவுதான். நம் குரலை நாம் உள்ளிருந்துதான் கேட்கிறோம். வெளியே எப்படி இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவளுக்கு அதைக் காட்டும் ஒரே கண்ணாடி அந்த அறையின் ஒலிபெருக்கி. கண்ணாடியிலேயே பவுடரைப் பூசிவிட்டார் மனிதர்.

“பாத்தீங்களா, அப்படியே இருக்கு! எனக்கு முடி நரைச்சுது, முட்டி தேஞ்சுது, குரல் மட்டும் அசைஞ்சு குடுக்கலை” என்பாள். தெருவெல்லாம் இதையே சொல்வாள். கூடவே இன்னொன்றும் சொல்வாள்: “குரல் போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திடுவேன். கிழவிக் குரல்ல பஸ் கிளப்ப மாட்டேன்.”

சவுண்டு பயந்தது அந்த வார்த்தைக்குத்தான். அவள் நிறுத்தினால் அந்த அறை என்ன ஆவது? வருஷத்தில் இரண்டு மூன்று முறை, அவள் ஜன்னல் சீட்டில், அவர் ஹெட்போனோடு, மின்விசிறி நின்ற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரும் அந்த நேரத்துக்காகத்தான் அவர் மற்ற நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். இதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வராது. வராத வாய்க்குப் பதிலாகத்தான் கட்டைகளை நகர்த்தினார் என்றும் சொல்லலாம்.

அந்த மென்பொருளுக்கு ஒரு குணம். கட்டைகளின் இடத்தை அது இரண்டே வழிகளில்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒன்று, அந்த அமைப்புக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்க வேண்டும். அல்லது மென்பொருளை முறைப்படி மூட வேண்டும். மூடும்போது அது ஒருதரம் கேட்டுவிட்டு எழுதி வைத்துக்கொள்ளும். பெயர் வைத்தால் திரையின் ஓரத்தில் அந்தப் பெயர் எப்போதும் தெரியும். என்ன பெயர் வைப்பது? எந்தப் பெயர் வைத்தாலும் அவள் “அது என்னங்க?” என்று கேட்காமல் விடமாட்டாள். சரி, மூடலாமென்றால், மூடித் திறக்கும்போது முதல் வேலையாக அந்தக் கட்டைகள் ஜன்னலைத்தான் திரை முழுக்க விரித்துக் காட்டும். அவள் பக்கத்தில் இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் சவுண்டு அந்த மென்பொருளை மூடுவதே இல்லை. வேலை முடிந்ததும் கணினியை அப்படியே தூங்க வைப்பார்; அடுத்த பதிவுக்கு எழுப்புவார். மின்சாரம் போனால் தாங்க ஒரு பெரிய பேட்டரி. வேறெதற்கும் அந்தக் கணினியைத் தொட விடமாட்டார். கடைசியாக அதை முறைப்படி மூடியது வீடு மாறுவதற்கு முந்தின நாள். இத்தனை வருஷப் பவுடரும் எங்கேயும் எழுதப்படாமல், ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் ஞாபகத்தில் மட்டுமே தொங்கிக்கொண்டிருந்தது. ஒலி விஷயத்தில் ஊசி விழுந்தாலும் விடாத மனிதர், இந்த ஒன்றில் இப்படிக் கோட்டை விட்டிருந்தார்.

அன்றைக்குக் காலை போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அதிகாரி போன் செய்தார். புதிய மருத்துவமனை திங்கட்கிழமை திறக்கிறார்கள், அந்த வழித்தடத்துக்கு ஆறு நிறுத்தங்கள் வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள் என்றார். அவர் வயதில் சின்னவர், எதிலும் அவசரம். “முடியலைன்னா சொல்லுங்க சார், கணினிக் குரல்லயே போட்டுக்கலாம். எல்லா ஊர்லயும் இப்ப அதுதான்” என்று ஒரு கொக்கியையும் மாட்டிவிட்டு வைத்தார்.

அவள் முகம் கழுவிப் பின்னறைக்கு வந்து, வளையலைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். புதிய மருத்துவமனை. ஏரிக்கரைக் குடியிருப்பு. தொழிற்பயிற்சிக் கூடம். ஒவ்வொன்றையும் மும்மூன்று தடவை சொன்னாள். அவர் கதவுப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கேட்டார். ஆறாவது பெயர் முடிந்ததும் “போடுங்க, கேப்போம்” என்றாள். அவர் பொத்தானை அழுத்தினார்.

திரை ஒரு கணம் வெளுத்தது. ‘மென்பொருள் எதிர்பாராமல் மூடப்பட்டது’ என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதுவும் போயிற்று.

சவுண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னங்க ஆச்சு?” என்று அவள் எழுந்து பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவளை என்ன சாக்குச் சொல்லி வெளியே அனுப்புவது என்று அவருக்குத் தோன்றுவதற்குள், மென்பொருள் தானாகவே மறுபடி திறந்துகொண்டது. பதிவுகளைப் பத்திரமாக மீட்டுவிட்டதாகச் சொன்னது. பிறகு வழக்கப்படி கட்டைகள் ஜன்னலைத் திரை முழுக்க விரித்தது. கட்டைகள் எல்லாம் வீடு மாறுவதற்கு முந்தின நாள் நின்ற இடத்தில், தொட்டும் தொடாமலும் நின்றன. மென்பொருள் அந்த நாளுக்குத் திரும்பிப் போய்விட்டது. அவளால்தான் போக முடியவில்லை.

“பதிவு இருக்கில்ல? அப்புறம் என்ன?” என்று கையை நீட்டி அவளே பொத்தானை அழுத்திவிட்டாள்.

“புதிய மருத்துவமனை” என்றது ஒலிபெருக்கி.

அடித்தொண்டையிலிருந்து வரும் குரல். ஓரத்தில் கரகரப்பு. ‘மனை’யில் ஒரு நடுக்கம். அவள் அப்படியே நின்றாள்.

“இது யாருங்க?”

“மைக்குல ஏதோ கோளாறு” என்றார் சவுண்டு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், திருதிருவென்று விழித்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஒலிக்காரரோடு குடித்தனம் செய்தவள். கட்டைகள் எதற்கென்று அவளுக்குத் தெரியாதா? ஒன்றைப் பிடித்து மேலே தள்ளிக் கேட்டாள். குரல் ஒரு நூல் ஏறியது. கீழே விட்டாள். இறங்கியது. பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள்.

“எத்தனை வருஷமா?”

“வீடு மாறினதுலேர்ந்து...” என்றார் அவர், நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தபடி. “கொஞ்சம் கொஞ்சமாத்தான்.”

“நான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பக்கத்துல நின்னு மண்டைய மண்டைய ஆட்டினீங்க.”

“நீ நிறுத்திடுவேன்னு சொன்னியே...”

“நிறுத்தினா என்ன? பஸ்ஸு நின்னுடுமா?”

நின்றுபோவது பஸ் இல்லை என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவள் வளையலை எடுத்து மாட்டிக்கொண்டு அறையை விட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் முழுவதும் வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின. சவுண்டு பின்னறையில் உட்கார்ந்து கட்டைகளைப் பழையபடி வைத்துப் பார்த்தார். எது எங்கே நின்றது? கை தானாக நகர்த்திப் பழகியது, கண் குறித்து வைக்கவில்லை. ஒரு பக்கம் சரிசெய்தால் குரல் தகர டப்பா ஆயிற்று. இன்னொரு பக்கம் சரிசெய்தால் பள்ளிக்கூடப் பெண் மாதிரி கீச்சிட்டது. வருஷக்கணக்கில் மயிரிழை மயிரிழையாகச் சேர்த்ததை ஒரு மத்தியானத்தில் திரும்பக் கொண்டுவர முடியுமா? அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குரல் போனதற்காக இல்லை. அந்த ஜன்னல் சீட்டு காலியாக இருந்ததற்காக. கடைசியில் எல்லாக் கட்டைகளையும் நடுவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது வீடு மாறிய வருஷத்துப் பவுடர்கூட இல்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் கதவு திறந்தது. அவள் உள்ளே வந்தாள். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது; ஆனால் அதற்குப் பின்னால் வேறு ஏதோவும் இருந்தது.

“அதை இன்னொரு தடவை போடுங்க.”

“எதுக்கும்மா? நான் சரிபண்ணிடறேன், ரெண்டு நாள் குடு...”

“போடுங்கன்றேன்ல.”

போட்டார். ‘ஏரிக்கரைக் குடியிருப்பு’ என்றது குரல். ‘மறுபடி’ என்றாள். மறுபடி போட்டார். மூன்றாவது தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மைக்கைத் திறந்து வைங்க” என்றாள். போய் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். வளையலைக் கழற்றவில்லை. மைக்கிடம் குனிந்து, வாசலிலிருந்து உள்ளே பார்த்துக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “குட்டி, வெளக்க அணைச்சியா? கதவத் தாழ் போட்டியா? நான் கெளம்புறேன்டி.”

சவுண்டு பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியில் அந்த மூன்று வாக்கியங்களும் வந்தன. அவருக்கு மேனி சிலிர்த்தது. குடையும் கையுமாக மாமியார் வாசலில் நின்று, கிளம்பும்போது எப்போதும் சொல்வதைச் சொல்கிறாள் என்றே நினைத்தார். அதே கரகரப்பு. கடைசி எழுத்தில் அதே நடுக்கம். வருஷக்கணக்காக மயிரிழை மயிரிழையாக அவர் அழித்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

“எங்கம்மா” என்றாள் அவள். வேறெதுவும் சொல்ல முடியவில்லை. சீட்டின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றார். தோளில் கையை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தாள். வேறு ஊரில் இருக்கும் அண்ணனைக் கூப்பிட்டாள். அந்த அண்ணன் வாராவாரம் தவறாமல் போன் செய்கிறவர். ஆனால் அவராக ஒன்றும் பேசமாட்டார். ‘அப்புறம்? சொல்லு, சொல்லு’ என்று தங்கையையே பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படியும் ஒரு மனிதர் காசைக் கரியாக்குவாரா என்று சவுண்டு பலமுறை நினைத்ததுண்டு.

“அண்ணா, ஒண்ணு போடறேன், கேளு. யாருன்னு சொல்லு” என்று போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மூன்று வாக்கியங்களும் முடிந்தன.

“அண்ணா? கேட்டுச்சா?”

“கேட்டுச்சு பாப்பா” என்றார் அண்ணன். “இதைக் கண்டுபிடிக்க உனக்கு இத்தனை வருஷமா? எனக்கு எப்பவோ தெரியும். அதுக்காகத்தானே வாராவாரம் போன் பண்றேன்.”

“சொல்லவே இல்லையே நீ!”

“அம்மா குரல் மாதிரி இருக்குன்னு சொன்னா, கிழவிக் குரல்ன்றியான்னு சண்டைக்கு வருவே. அப்புறம் போன்ல பேசாம இருந்துட்டா நான் எங்க போறது?”

அவள் சவுண்டைப் பார்த்தாள். சவுண்டு தரையைப் பார்த்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் இரண்டு ஊர்களில் இருந்துகொண்டு ஒரே பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவர் அந்தக் குரலை மறைத்தார். ஒருவர் அதைத் திருட்டுத்தனமாகக் கேட்டார். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. “நல்லா வந்து வாய்ச்சீங்க ரெண்டு பேரும்” என்றாள்.

சாயங்காலம் ஆறு பெயர்களும் அலுவலகத்துக்குப் போயின. பவுடர் ஒரு துளி இல்லை. அரைமணியில் அதிகாரி கூப்பிட்டார்.

“சார், இது யாரு பேசினது? பழைய அறிவிப்போட சேர்த்துக் கேட்டா ரெண்டு பேர் பேசற மாதிரி இருக்கே.”

சவுண்டு வாயைத் திறப்பதற்குள் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். “ரெண்டு பேர்தாங்க பேசறோம். வார்த்தை தெளிவா இருக்கா இல்லையா?”

“தெளிவாத்தான் இருக்கு...”

“கடைசி வரிசை வரைக்கும் கேக்கும். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறவங்களுக்கு அது போதும். இனிமே வர்ற பேரெல்லாம் இப்படித்தான் வரும். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

அதிகாரிக்கு வேறு நேரமில்லை, வேறு வழியுமில்லை. சரி என்று வைத்துவிட்டார். ‘இனிமே வர்ற பேரெல்லாம்’ என்று அவள் சொன்னது சவுண்டின் காதில் விழுந்தது. அவர் கணினியிடம் போய், வீடு மாறியதிலிருந்து செய்யாத ஒரு வேலையைச் செய்தார். கட்டைகள் எல்லாம் நடுவில் நிற்க, மென்பொருளை முறைப்படி மூடினார். ‘அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளவா?’ என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினார்.

திங்கட்கிழமை காலை இருவரும் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். நடந்தேதான் போனார்கள்; அவள் அப்படித்தான் வேண்டும் என்றாள். மாமியார் அந்தக் காலத்தில் நின்று கேட்ட அதே ஒலிபெருக்கிக்குக் கீழே போய் நின்றார்கள். பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பிறகு அது வந்தது.

“எண் இருபத்தொன்பது” என்றாள், பாஸ் ஜன்னலில் உட்கார்ந்திருந்த இருபத்துநாலு வயதுப் பெண்.

“ஏரிக்கரைக் குடியிருப்பு, புதிய மருத்துவமனை” என்றாள் அம்மா.

“வழியாகச் செல்லும் பேருந்து, ஐந்தாம் மேடையிலிருந்து புறப்படும்” என்று முடித்தாள் மகள்.

ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு கணவனும் மனைவியும் ஐந்தாம் மேடையைப் பார்த்து ஓடினார்கள். பின்னாலேயே இன்னும் நாலு பேர் ஓடினார்கள். சவுண்டு காதில் ஹெட்போன் இல்லாமல், தலையை நிமிர்த்தி, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“குமட்டுதுன்னு ஒரு நாளும் பஸ்ல ஏறாத மனுஷிங்க எங்கம்மா” என்றாள். “பாருங்க, இப்ப ஊரையே ஏத்தி அனுப்புறா.”